டிராகுலாவா, ஃபிராங்கன்ஸ்டைனா? ஹேமர் படங்களில் எந்தத் தொடரை முழுசாகப் பார்க்கலாம்

தூக்குமரத்திலிருந்து இரவோடு இரவாக அறுத்துக் கொண்டுவந்த பிணம் மேஜை மேல் கிடக்கிறது. முகத்தைப் பறவைகள் கொத்திவிட்டதால் அந்தத் தலை இனி எதற்கும் உதவாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்ற டாக்டர் கத்தியை எடுத்துத் தலையைத் தனியே அறுக்கிறார். அறுத்து முடித்ததும் ரத்தம் படிந்த கையைத் தன் கோட்டின் மார்பிலேயே ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார். அடுப்படியில் மாவுக் கையை முந்தானையில் துடைப்பார்களே, அவ்வளவு சாதாரணமாக.

1957-இல் வந்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் வரும் காட்சி இது. சின்ன வயதில் பார்த்தபோது இதைக் கவனித்ததே இல்லை. தையல் போட்ட முகத்தோடு எழுந்து வரும் அந்த உருவம்தான் அப்போது மனதில் நின்றது. இந்த முறை அந்தக் கைதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

மறுபடி பார்க்க வைத்தவன் என் தங்கை மகன். செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தான். ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் வரும் டார்க்கின் என்ற அந்த ஒட்டிய கன்னக்காரரை அவனுக்குப் பிடிக்கும். அவர் பெயர் பீட்டர் குஷிங், அவரும் லார்ட் ஆஃப் த ரிங்ஸில் சாருமானாக வந்த கிறிஸ்டோபர் லீயும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பேய்ப்படங்களின் இரண்டு தூண்கள் என்று சொன்னேன். உடனே, “எல்லாத்தையும் பார்க்க நேரம் இல்ல மாமா, ஒரே ஒரு சீரிஸ் சொல்லுங்க, முதல்லேருந்து கடைசி வரைக்கும் பார்த்துடறேன்” என்றான். வாய்வரை வந்த பதில் டிராகுலா. ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய நினைப்பை வைத்துக்கொண்டு சொல்வது சரியில்லை என்று பட்டது. அடுத்த மூன்று வாரம் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். முடிவில் என் பதில் மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

இந்தப் படங்களை எடுத்த ஹேமர் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1934-இல் இங்கிலாந்தில் தொடங்கிய சிறிய படக் கம்பெனி அது. 1950-களின் தொடக்கத்திலிருந்து 1966 வரை அதற்கு வீடு மாதிரி இருந்தது, தேம்ஸ் கரையில் பிரே என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள டவுன் பிளேஸ் என்ற பழைய மாளிகை. பெரிய ஸ்டுடியோ எதுவும் கிடையாது. அந்த மாளிகையின் அறைகளும், தோட்டத்தில் எழுப்பிய தளங்களும்தான். கலை இயக்குநர் பெர்னார்டு ராபின்சன் போட்ட ஒரு செட்டையே சுவர் நிறத்தை மாற்றி, தூணை நகர்த்தி, மூன்று படங்களுக்கு ஓட்டுவார். வெளிப்புறக் காட்சிக்குப் பக்கத்திலேயே பிளாக் பார்க் என்ற காடு இருந்தது. இந்தப் படங்களில் குதிரை வண்டி விரையும் டிரான்சில்வேனியக் காட்டுப் பாதைகளில் பல அங்கேதான் எடுக்கப்பட்டவை. நாலைந்து படம் பார்த்ததும் அந்த மரங்களே நமக்குப் பழகிவிடும்.

முதல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்துக்கு ஆன செலவு சுமார் 65,000 பவுண்டு. அதற்கு முன் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. இதுதான் முதல் வண்ணப் படம். ரத்தம் சிவப்பாகத் தெரிந்தது என்பதே அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். மக்களோ தியேட்டரை நிரப்பினார்கள். டெரன்ஸ் ஃபிஷர் இயக்கம், ஜிம்மி சாங்ஸ்டர் திரைக்கதை, ஜாக் ஆஷர் ஒளிப்பதிவு, ஜேம்ஸ் பெர்னார்டு இசை. அடுத்த ஆண்டே இதே அணி டிராகுலாவை எடுத்தது. அந்தச் சூட்டில்தான் மற்ற தொடர்கள் எல்லாம் பிறந்தன.

டிராகுலாவிலிருந்தே தொடங்குகிறேன், என் முதல் பதில் அதுதானே.

1958-இல் வந்த முதல் படம் இன்றைக்கும் சிலிர்க்க வைக்கிறது. லீயின் முதல் வருகையைப் பாருங்கள். படிக்கட்டின் உச்சியில் ஒரு கரிய உருவம். இசை நம்மைப் பயத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. மடமடவென்று இறங்கி வெளிச்சத்துக்கு வந்தால், ஆறடி ஐந்து அங்குல உயரத்தில் ஒரு கனவான்! தன்மையாகப் பேசி, விருந்தாளியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்கு அழைத்துப் போகிறார். கொஞ்ச நேரம் கழித்து நூலக அறையில் அதே மனிதர் சிவந்த கண்களும் ரத்தம் வழியும் வாயுமாகப் பாய்ந்து வரும்போது, அந்த மரியாதை நினைவில் இருப்பதால்தான் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மொத்தப் படத்திலும் லீ பேசுவது தொடக்கத்தில் மட்டும். அப்புறம் கடைசி வரை ஒரு சொல் கிடையாது. ஜேம்ஸ் பெர்னார்டின் இசையில் திரும்பத் திரும்ப வரும் மூன்று சுரங்கள் ‘டிரா-கு-லா’ என்று பெயரையே கூப்பிடுகின்றன. பேச்சு போதாத இடத்தை அது நிரப்பிவிடுகிறது.

கடைசிச் சண்டையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. டிராகுலாவை வேட்டையாடும் டாக்டர் வான் ஹெல்சிங்காக வரும் குஷிங் நீண்ட மேஜையின் மேல் ஓடி, எகிறிப் பாய்ந்து, ஜன்னல் திரையைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுகிறார். காலை வெயில் உள்ளே பாய்கிறது. இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கி, டிராகுலாவை அந்த வெளிச்சத்துக்குள் தள்ளுகிறார். இந்த ஓட்டமும் தண்டுகளும் குஷிங்கே சொன்ன யோசனை. டிராகுலா சாம்பலாகும் காட்சியின் வெட்டப்பட்ட சில துண்டுகள் 2011-இல் டோக்கியோவின் தேசியத் திரைப்பட மையத்தில் இருந்த ஒரு பழைய பிரிண்டில் கிடைத்தன. 2013-இல் வந்த ப்ளூரேயில் அவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். பார்ப்பதானால் அந்தப் பதிப்பையே தேடிப் பிடியுங்கள். தன் முகத்தைத் தானே நகத்தால் பிறாண்டிக்கொள்ளும் சில நொடிகள்தான். ஆனாலும் அந்தச் சாவுக்கு ஒரு வலி வந்துவிடுகிறது.

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் தொடராக ஏன் கைநழுவியது? காரணம் எளிது. முதல் படத்தின் முடிவிலேயே டிராகுலா சாம்பல். அடுத்த ஒவ்வொரு படமும் முதலில் அவரை எழுப்ப வேண்டும், கடைசியில் கொல்ல வேண்டும். கதாசிரியரின் மூளை முழுக்க அதற்கே செலவாகிவிடுகிறது. 1966-இல் ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’: சாம்பல் மேல் ஒருவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கழுத்தை அறுத்து ரத்தத்தை ஊற்றுகிறான் வேலைக்காரன். 1968-இல் பனிக்கட்டிக்குள் கிடப்பவரின் உதட்டில் ஒரு பாதிரியாரின் ரத்தம் கசிகிறது. 1970-இல் உலர்ந்த ரத்தப் பொடியைக் கரைத்து ஒருவன் குடிக்கிறான். அதே ஆண்டின் இன்னொரு படத்தில் ஒரு வௌவால் வந்து ரத்தம் சொட்டிவிட்டுப் போகிறது. சாவும் அப்படித்தான். பனிக்கு அடியில் ஓடும் தண்ணீர், பெரிய சிலுவை, தேவாலயம், இடி மின்னல், கடைசியில் ஒரு முள்புதர் வரை போயிற்று. நடுவில் டிராகுலாவுக்கு என்ன வேலை? ஒரு பெண்ணை மயக்க வேண்டும், அவள் காதலன் துரத்தி வர வேண்டும், அவ்வளவுதான்.

லீயே இதைப் பற்றிப் பல வருடம் குறைப்பட்டுக்கொண்டார். 1966 படத்தில் அவருக்கு வசனமே இல்லை. எழுதிக் கொடுத்த வசனம் மோசமாக இருந்ததால் பேச மறுத்தேன் என்றார் அவர். நான் எழுதவே இல்லை என்றார் சாங்ஸ்டர். யார் சொல்வது சரியோ, அந்த மௌனம் படத்துக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைத் தாங்கி நிற்பது லீ இல்லை, பார்பரா ஷெல்லி. முதல் பாதியில் எல்லாவற்றுக்கும் பயந்து, கணவரைக் கடிந்துகொண்டு, இறுக்கிப் பின்னிய கொண்டையோடு வரும் ஹெலன். அவளே இரண்டாம் பாதியில் அவிழ்ந்த கூந்தலோடு சிரித்தபடி வருகிறாள். துறவிகள் நாலைந்து பேர் அவளை மேஜையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஃபாதர் சாண்டர் மார்பில் முளையை அடிக்கும் காட்சியில் அவள் துடிப்பதைப் பார்த்து என் மருமகன், “பேய் அவளா, இவங்களா?” என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குச் சின்ன வயதில் தோன்றியதே இல்லை.

இந்தத் தொடரில் நான் மனதார நேசிப்பது, டிராகுலாவே இல்லாத ஒரு படத்தை. 1960-இல் வந்த ‘தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’. பெயரில் மட்டும்தான் டிராகுலா. வருபவர் மைன்ஸ்டர் என்ற இளம் பிரபு. பெற்ற தாயே அவரைக் காலில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். விவரம் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியை இரக்கப்பட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். வான் ஹெல்சிங்கையே கடித்துவிடும் காட்சி ஒன்று இதில் உண்டு. மயக்கம் தெளிந்து எழும் குஷிங், கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார். என்ன நடந்தது என்று புரிகிறது. ஒரு வார்த்தை பேசாமல் நெருப்பில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தன் கழுத்தில் தானே சூடு போட்டுக்கொண்டு, புனித நீரை ஊற்றுகிறார். வசனமே தேவைப்படவில்லை. அந்த நிமிடம் வரை வான் ஹெல்சிங் என்பவர் எல்லாம் தெரிந்த வாத்தியார். அதற்குப் பிறகு அவரும் நம்மைப் போல ஒரு மனிதர்.

1968 படத்தை ஃபிஷர்தான் இயக்க வேண்டியது, விபத்தில் கால் முறிந்ததால் ஃபிரெடி ஃபிரான்சிஸ் கைக்குப் போனது. ஏற்றுமதி வருமானத்துக்காக ஹேமருக்கு அரசி பெயரிலான தொழில் விருது கிடைத்ததும் அந்த ஆண்டுதான். காசு வந்துகொண்டிருந்ததால் நிறுத்த முடியவில்லை. 1970-இன் ‘டேஸ்ட் த பிளட் ஆஃப் டிராகுலா’ கொஞ்சம் மூச்சு விட வைக்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேவாலயம், மாதத்தில் ஒரு நாள் ரகசியமாக விபச்சார விடுதி என்று இரட்டை வாழ்க்கை வாழும் லண்டன் பெரிய மனிதர்கள் மூவரை, அவர்கள் பிள்ளைகளை வைத்தே பழிவாங்கும் கதை. நல்ல கதை. டிராகுலா இல்லாமல் எழுதப்பட்டது, விநியோகஸ்தர்கள் வற்புறுத்தியதால் பின்னால் சேர்த்தார்கள் என்பது பார்க்கும்போதே தெரியும். அவர் ஓரமாக நின்று, செத்தவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார். 1972-இல் டிராகுலாவைச் சமகால லண்டனுக்கே கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த படத்தில் அவர் ஒரு ரியல் எஸ்டேட் முதலாளி, உலகம் முழுக்கக் கொள்ளைநோய் பரப்பத் திட்டமிடுகிறார். லீ அதோடு போதும் என்று விலகிக்கொண்டார். ஹாங்காங் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 1974 படத்தில் டிராகுலாவாக வேறொருவர்.

ஆக, ஒன்பது படங்களில் மூன்று அற்புதம், ஒன்று பரவாயில்லை. மற்றதைப் பார்க்காவிட்டாலும் நஷ்டம் இல்லை.

இப்போது ஃபிராங்கன்ஸ்டைன்.

அந்தப் பெயரைக் கேட்டாலே கழுத்தில் ஆணி அடித்த பூதம்தான் நம் நினைவுக்கு வரும். அது படைத்தவரின் பெயர், பூதத்துக்குப் பெயரே கிடையாது. பழைய அமெரிக்கப் படங்களில் பூதம்தான் படத்துக்குப் படம் திரும்பி வந்தது. ஹேமருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அந்தப் படங்களில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்குப் போட்ட ஒப்பனையைக் காப்பியடித்தால் வழக்குப் போடுவோம் என்று யுனிவர்சல் கம்பெனி எச்சரித்திருந்தது. கூடவே முதல் படத்தின் முடிவில் பூதம் அமிலத் தொட்டியில் கரைந்தும் போய்விட்டது. அப்போது அவர்கள் எடுத்த முடிவுதான் இந்தத் தொடரின் உயிர். திரும்பி வருவது டாக்டர். ஒவ்வொரு படத்திலும் அவர் செய்யும் உருவம் புதிது, அதன் துயரமும் புதிது. எழுப்புவது எப்படி என்ற கவலை இங்கே இல்லை, ஏனென்றால் டாக்டர் சாகாதவராக இருக்கத் தேவையில்லை, தப்பித்தால் போதும்.

குஷிங் ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை ஆறு முறை இந்தப் பாத்திரத்தில் நடித்தார். பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே நடிகர் ஒரே மனிதனாக நம் கண்முன் வயதாகிறார். இது டிராகுலாவுக்குக் கிடைக்காத வரம், டிராகுலாவுக்குத்தான் வயதே ஆகாதே. முதல் படத்தில் துடிப்பான, திமிர் பிடித்த பணக்கார இளைஞர். தன்னால் கர்ப்பமான வேலைக்காரப் பெண்ணைப் பூதம் இருக்கும் அறைக்குள் விட்டுக் கதவைத் தாழிடுகிறார். அவள் அலறுகிறாள். அடுத்த ஷாட்டில் காலைச் சாப்பாட்டு மேஜையில் மார்மலேடை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார். இந்த ஒரு வெட்டிலேயே அந்த மனிதனின் மொத்தக் குணமும் வந்துவிடுகிறது.

இரண்டாவது படம், 1958-இன் ‘தி ரிவெஞ்ச் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’. டிராகுலா படப்பிடிப்பு முடிந்த சில நாளிலேயே, மிச்சமிருந்த செட்டுகளைத் திருத்தி எடுக்கத் தொடங்கியது. தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டினிலிருந்து தப்பித்த டாக்டர், ஸ்டைன் என்ற பெயரில் இன்னொரு ஊரில் ஏழைகளுக்கு இலவச ஆஸ்பத்திரி நடத்துகிறார். ஊரே கும்பிடுகிறது. ஆனால் அந்த வார்டில் படுத்திருக்கும் ஏழைகளின் கையும் காலும்தான் அவருக்குக் கச்சாப் பொருள். ஒரு ஜேப்படிக்காரனின் கையை, வியாதி என்று சொல்லி வெட்டி எடுத்துக்கொள்கிறார். கடைசியில் உண்மை தெரிந்ததும் நோயாளிகள் ஊன்றுகோலும் கையுமாகச் சூழ்ந்துகொண்டு அவரை அடித்தே போடும் காட்சி வருகிறது. பேய்ப்படத்தில் ஏழைகளின் கோபத்தை இவ்வளவு நேராகக் காட்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தப் படத்தின் நெஞ்சைப் பிசையும் ஆள் கார்ல். உடல் கோணிய, பக்கவாதம் பிடித்த உதவியாளன். நல்ல உடம்பு தருகிறேன் என்ற வாக்கை நம்பித் தன் மூளையைத் தானே விரும்பிக் கொடுக்கிறான். அறுவை வெற்றி. நிமிர்ந்த உடம்பில் கண் விழிக்கிறான். அப்போதுதான் தெரிகிறது, அவனையும் அவனுடைய பழைய உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி டாக்டர்களுக்குக் காட்சி வைக்கப் போகிறார்கள் என்று. வாழ்நாளெல்லாம் பிறர் உற்றுப் பார்த்ததிலிருந்து தப்பிக்கத்தானே அவன் இதற்கு ஒப்புக்கொண்டான்! தப்பி ஓடி, முதல் காரியமாகத் தன் பழைய உடம்பை உலைக்குள் தள்ளி எரிக்கிறான். இதைப் பேய்ப்படம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

மூன்றாவது படத்தைத் தாண்டிவிடலாம். 1964-இல் யுனிவர்சலே விநியோகத்துக்கு வந்ததால் பழைய ஒப்பனைக்கு அனுமதி கிடைத்தது, உடனே அந்தச் சதுரத் தலையைக் கொண்டுவந்துவிட்டார்கள். முந்தைய இரண்டு படக் கதையையும் மறந்துவிட்டு எடுத்த படம். 1970-இல் ரால்ஃப் பேட்ஸை இளம் ஃபிராங்கன்ஸ்டைனாகப் போட்டு முதல் கதையையே கேலிச் சாயலோடு திரும்ப எடுத்ததையும் விட்டுவிடலாம், அதில் குஷிங் கிடையாது. மிச்சம் ஐந்து. அந்த ஐந்தையும் இயக்கியவர் ஃபிஷரே.

1967-இன் ‘ஃபிராங்கன்ஸ்டைன் கிரியேட்டட் உமன்’ தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே இருப்பது ஒரு சோகக் காதல் கதை. அப்பாவின் தலை கில்லட்டினில் போவதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்தவன், வளர்ந்தபின் செய்யாத கொலைக்காக அதே இடத்தில் தலை இழக்கிறான். அவன் காதலி ஆற்றில் குதித்துவிடுகிறாள். டாக்டர் அவள் உடம்பை நேராக்கி, அதில் அவனுடைய ஆன்மாவைப் புகுத்துகிறார். கூடுவிட்டுக் கூடு பாயும் கதையெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கொலைகாரப் பணக்காரப் பையன்கள் மூன்று பேரையும் அந்த இரண்டு உயிர்களும் ஒரே உடம்பிலிருந்து தேடிப் போகின்றன. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸிக்குப் பிடித்தமான படம் இது.

அப்புறம் 1969. ‘ஃபிராங்கன்ஸ்டைன் மஸ்ட் பி டிஸ்ட்ராய்டு’. ஹேமரின் மொத்தக் கோதிக் படங்களிலும் எனக்கு இதுதான் உச்சம். இதில் பூதம் என்று பார்த்தால் டாக்டர் மட்டும்தான். ஓர் இளம் ஜோடியை மிரட்டி அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறார். பைத்தியம் பிடித்த பழைய சகாவான பிராண்ட் என்பவரின் மூளையை இன்னொருவர் உடம்புக்கு மாற்றுகிறார். பிராண்டின் மனைவி தேடி வருகிறாள். முகம் முழுக்கக் கட்டுப் போட்டுக் கிடப்பவரைக் காட்டி, இவர்தான் உன் கணவர், குணமாகிவிட்டார் என்கிறார் டாக்டர். அவள் கேட்கும் கேள்விகளுக்குக் கட்டுக்குள் கிடப்பவர் கையை அழுத்திப் பதில் சொல்கிறார். அவள் கண்ணீரோடு நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். கதவு சாத்தியதும் டாக்டரின் முகம் மாறுகிறது. மூட்டை கட்டுங்கள், கிளம்புகிறோம் என்கிறார். அன்பாகப் பேசிய அந்த ஐந்து நிமிடமும் நேரம் வாங்கத்தான்.

அதைவிடக் கனமானது பின்னால் வருகிறது. கட்டு அவிழ்ந்த பிராண்ட், யாரோ ஒருவரின் முகத்தோடு தன் வீட்டுக்கு நள்ளிரவில் போகிறார். மனைவி தூங்குகிறாள். ஒரு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன்னைப் பார்க்காமல் தன் பேச்சை மட்டும் கேட்கும்படி கெஞ்சுகிறார். நடித்தவர் ஃபிரெடி ஜோன்ஸ். அந்தக் குரலில் பயமுறுத்தல் துளிகூட இல்லை. தன் வீட்டுக்கே அந்நியனாகத் திரும்பி வந்தவனின் கூச்சம்தான் இருக்கிறது. மனைவி எட்டிப் பார்க்கிறாள். அவள் பார்வையில் தெரியும் அருவருப்பு அவரை அடித்துப் போடுகிறது. என் மருமகன் அதுவரை கையில் வைத்திருந்த போனை அந்த இடத்தில் கவிழ்த்து வைத்தான். படம் முடியும்வரை எடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் டாக்டர் அந்த வீட்டுப் பெண்ணைப் பலாத்காரம் செய்யும் காட்சி ஒன்று உண்டு. கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் கரேராஸ் வற்புறுத்திக் கடைசி நேரத்தில் சேர்த்தது. குஷிங், ஃபிஷர், நடித்த வெரோனிகா கார்ல்சன் மூவருக்குமே அதில் விருப்பமில்லை. கதையில் அதற்குப் பின் அதன் சுவடே இருக்காது. படத்தின் மேல் விழுந்த கறை அது. யாரோடு உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

மற்ற இரண்டு தொடர்களையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். மம்மி படங்கள் நாலு. 1959-இன் முதல் படம் மட்டும் போதும். சேற்றுக் குட்டையிலிருந்து லீ எழுந்து வரும் காட்சியும், கட்டுத்துணிக்குள் கண்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர் காட்டும் ஏக்கமும் மறக்காது. மற்ற மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை, தொடர் என்று சொல்வதே பேச்சுக்குத்தான். கார்ன்ஸ்டைன் என்ற ரத்தக்காட்டேரிக் குடும்பத்தை வைத்து 1970, 71-இல் வந்த மூன்று படங்கள், ஷெரிடன் லெ ஃபானு 1872-இல் எழுதிய ‘கார்மில்லா’ கதையிலிருந்து கிளைத்தவை. தணிக்கை தளர்ந்த காலம், அதனால் நிர்வாணம் அதிகம், பயம் குறைவு. அதில் மூன்றாவதான ‘ட்வின்ஸ் ஆஃப் ஈவில்’ மட்டும் தனியாக நிற்கும். சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை எரிக்கும் மதவெறியராகக் குஷிங் வருகிறார். மனைவியை இழந்து சில மாதமே ஆன நேரம், உடம்பு பாதியாக இளைத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது.

சரி, முடிவு. ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், 1958 டிராகுலா. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஹேமர் என்றால் என்ன என்பது மொத்தமும் அதில் இருக்கிறது. வார இறுதி முழுக்க இருந்தால் ‘பிரைட்ஸ்’, ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’ இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேய், கோட்டை, மூடுபனி, சிலுவை இவற்றின் சூழலுக்காகவே பார்க்கிறவர்களுக்கும் டிராகுலாதான் சரி. ஃபிராங்கன்ஸ்டைன் படங்களில் பயத்தைவிட மனக்கனம்தான் அதிகம்.

ஆனால் ஒரு தொடரை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு நாவல் படிக்கிற மாதிரிப் பார்க்க வேண்டும் என்றால் ஃபிராங்கன்ஸ்டைன். ஃபிஷர் இயக்கிய ஐந்தையும் வந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரே நாளில் இரண்டு பார்க்க வேண்டாம், அதிலும் 1969 படத்துக்குப் பிறகு ஒரு நாள் விடுங்கள். அடுத்துக் கடைசிப் படம்தான் வரும், அதை அலுத்த கண்ணோடு பார்க்கக் கூடாது.

அந்தக் கடைசிப் படம், ‘ஃபிராங்கன்ஸ்டைன் அண்ட் த மான்ஸ்டர் ஃப்ரம் ஹெல்’, 1972-இல் எடுத்து 1974-இல் வெளியானது. ஃபிஷரின் கடைசிப் படமும் அதுவே. பூதமாக நடித்த டேவிட் ப்ரௌஸ்தான் சில வருடத்தில் ஸ்டார் வார்ஸில் டார்த் வேடரின் உடையைப் போட்டுக்கொண்டு அதே குஷிங் பக்கத்தில் நிற்கப் போகிறவர் என்று சொன்னதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கதை நடப்பது ஒரு மனநோய் விடுதியில். டாக்டரின் கைகள் தீயில் வெந்து உபயோகமற்றுப் போய்விட்டன. ஊமைப் பெண் ஒருத்திதான் அவருக்காகத் தையல் போடுகிறாள். அறுவையின் நடுவே ஒரு ரத்தக்குழாயைப் பிடிக்க விரல் வராமல், குனிந்து பல்லால் கடித்துப் பிடிக்கிறார். முதல் படத்தில் அலட்சியமாகக் கோட்டில் துடைத்த கை அது.

கடைசியில் அவர் செய்த உருவத்தை விடுதி நோயாளிகளே பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். சீடன் அதிர்ந்து நிற்கிறான், அந்தப் பெண்ணும் நிற்கிறாள். டாக்டர் உடைந்த சாமான்களுக்கு நடுவே துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டத் தொடங்குகிறார். கூட்டிக்கொண்டே, அடுத்த முறை எதை மாற்றிச் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்.